சித்தப்பாவின் அம்பாசிடருக்குள் கொஞ்சம் எம்.ஜி.

1955-ல் இங்கிலாந்தில் எம்.ஜி.ஏ. என்று இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வந்தது. தாழ்வான, வளைவு வளைவான, பார்த்தாலே சாவி கேட்கத் தோன்றும் வண்டி. அதில் இருந்த 1489 சிசி எஞ்சினும், நம் ஊரில் கலெக்டர் முதல் டாக்சி ஸ்டாண்டு டிரைவர் வரை எல்லோரையும் இழுத்த அம்பாசிடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும் ஒரே குடும்பம். பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பி-சீரிஸ் என்று பெயர். இரண்டிலும் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 73 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 88.9 மி.மீ. மூன்று மெயின் பேரிங்கில் சுழலும் கிராங்க் தண்டு, பக்கவாட்டில் வால்வுகளை இயக்கும் கேம், புஷ் ராடு, வார்ப்பிரும்பு பிளாக், வார்ப்பிரும்பு ஹெட். எல்லாம் ஒன்றுதான். ஆனால் எம்.ஜி.ஏ.வில் அது 72 குதிரைசக்தி கொடுத்தது (முதலில் வந்த வண்டிகளில் 68). அம்பாசிடரில் ஐம்பது சொச்சம்.

மீதி இருபது எங்கே போயிற்று என்பது பல வருடமாக என்னை அரித்துக்கொண்டிருந்த கேள்வி. நான் கோயம்புத்தூரில் பம்ப் டிசைன் பார்க்கிறவன். ஒரே உடம்புக்குள் ஓட்டம் ஏன் குறைகிறது என்று தேடுவதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. பொள்ளாச்சியில் சித்தப்பாவின் வெள்ளை மார்க் 4 நீலப் புகை விட ஆரம்பித்ததும், கேள்விக்குப் பதில் தேட ஒரு வண்டியும் கிடைத்துவிட்டது.

சித்தப்பா தென்னந்தோப்புக்காரர். 1984-ல் வாங்கிய வண்டி. எஞ்சினை முழுசாகப் பிரித்துத்தான் ஆகவேண்டும் என்று நான் சொன்னதும் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "பிரிச்சுக்க கண்ணு. ஆனா பானெட்டத் தொறந்தா எங்க வண்டியாட்டத்தான் இருக்கோணும். ரெண்டு கார்புரேட்டரு, இசுசு எஞ்சினு அப்படீன்னு ஏதாச்சும் ஆரம்பிச்சீன்னா சாவியத் தர மாட்டேன்." அவர் பயந்ததில் நியாயம் உண்டு. 1992-க்குப் பிறகு இசுசு 1.8 லிட்டர் எஞ்சினோடு அம்பாசிடர் வந்ததிலிருந்து, பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பலரும் அதையே தூக்கி மாட்டிக்கொண்டார்கள். வேகம் கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் எஞ்சின் நம்பரை மாற்ற ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அலையவேண்டும். அது போகட்டும், அதன் பிறகு அது என்ன வண்டி?

ஆகவே ஒப்பந்தம் இதுதான்: வெளியே ஒரு நட்டுகூட மாறாது. உள்ளே நான் என்ன செய்தேன் என்று அவர் கேட்கமாட்டார்.

எஞ்சினைத் தொடுவதற்கு முன்னால் பிரேக்கைப் பார்த்தோம். நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். டிரம்களைக் கடைந்து, லைனிங், வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர், ரப்பர் ஹோஸ் எல்லாம் புதிதாகப் போட்டோம். நிற்காத வண்டியை ஓட வைப்பதில் எனக்கு ஆர்வம் இல்லை. வேறு சொல்ல இதில் ஒன்றுமில்லை.

எஞ்சின் இறங்கியது உக்கடத்தில், பாயின் ஷெட்டில். அம்பாசிடர் தவிர வேறு வண்டியைத் தொடாதவர். கழற்றிப் போட்டதைப் பார்த்துவிட்டு, "தம்பி, இது கம்பெனி போட்ட போர்தான். இன்னும் ஒருத்தனும் கை வைக்கல" என்றார். அது நல்ல செய்தி. போர் தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தது. 40 தௌ (ஒரு தௌ என்றால் இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஓவர்சைஸ் போட்டால் சரியாகிவிடும். அது பழுதுபார்ப்பதற்காகவே ஆதியிலிருந்து விற்கும் பிஸ்டன் சைஸ்தான். கணக்குப் போட்டால் 1531 சிசி வருகிறது. 42 சிசி இலவசம்.

முதலில் பார்த்த லேத் பட்டறையில், பிஸ்டனை உள்ளே விட்டுக் கையால் ஆட்டிப் பார்த்தே கிளியரன்ஸ் சொல்லிவிடுவோம் என்றார்கள். கிராங்கின் ஜர்னல் (பேரிங்கில் உட்காரும் பகுதி) ஓரத்தில் இருக்கும் சின்ன வளைவைப் பற்றிக் கேட்டதற்கு, "அதெல்லாம் கல்லுலயே வந்துரும்" என்றார்கள். அந்த வளைவு இல்லாமல் மூலை கூர்மையாக நின்றால் விரிசல் அங்கேதான் பிறக்கும். மூன்றே பேரிங்கில் சுழலும் கிராங்க். நடுவில் வளைந்து நிமிர்கிற பழக்கம் அதற்கு உண்டு. பிளாக்கைத் திரும்ப ஆட்டோவில் ஏற்றி, பாய் சொன்ன கணபதி பக்கத்துப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்த பெரியவர் நான் கேட்பதற்கு முன்பே காந்தச் சோதனை செய்து விரிசல் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் சாணைக்கல்லில் ஏற்றினார். பணம் அதிகம் கேட்டார். பேரம் பேசவில்லை.

இப்போது அந்த இருபது குதிரைக்கு வருவோம். அம்பாசிடரை வடித்தவர்கள் முட்டாள்கள் அல்ல. அன்றைய பெட்ரோலின் ஆக்டேன் குறைவு. பேட்டரி சோர்ந்தால் ஹேண்டில் போட்டுச் சுற்றுவார்கள். டிரைவர் முப்பது கிலோமீட்டர் வேகத்திலேயே டாப் கியரைப் போட்டுவிட்டு வெற்றிலை மடிப்பார். இத்தனையையும் தாங்கவேண்டும் என்றால் கம்ப்ரஷன் குறைவாக இருக்கவேண்டும், கேம் சாதுவாக இருக்கவேண்டும், கார்புரேட்டரின் வாய் சின்னதாக இருக்கவேண்டும். வேண்டும் என்றேதான் குறைத்திருக்கிறார்கள். நான் தேடியது அந்த மூன்றிலும் எவ்வளவு திரும்ப எடுக்கலாம் என்பதை.

கம்ப்ரஷன். பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே மிச்சமிருக்கும் இடம்தான் எல்லாமே. ஹெட்டின் அறை, கேஸ்கட்டின் தடிமன், பிஸ்டன் தலையில் உள்ள குழிவு, பிளாக் மட்டத்துக்குக் கீழே பிஸ்டன் நின்றுவிடும் அந்தச் சிறு இடைவெளி, எல்லாம் சேர்த்து எங்கள் வண்டியில் சுமார் 60 சிசி வந்தது. பியூரெட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி, அக்ரிலிக் தகட்டை கிரீஸ் தடவி ஒட்டி அளந்தேன். 1489-ஐ நாலாக வகுத்தால் 372. அதற்கு 60 என்றால் விகிதம் 7.2. எம்.ஜி.ஏ.வில் 8.3.

அளந்தபோது இன்னொன்று தெரிந்தது. நாலு அறைகளும் ஒரே அளவில் இல்லை. பெரியதற்கும் சின்னதற்கும் இரண்டு சிசி வித்தியாசம். வார்ப்பில் இது சகஜம். சாதாரண காருக்கு யாரும் கவலைப்படமாட்டார்கள். ஆனால் ஒரு சிலிண்டர் மட்டும் அதிகம் அழுத்தினால் கலவை தானாகவே வெடித்து முதலில் தட்டுவது அதுதான், மற்ற மூன்றும் அதற்காக ஸ்பார்க் டைமிங்கைக் குறைத்துக்கொண்டு ஓடவேண்டும். சின்ன மூன்றையும் பெரியதற்குச் சமமாகச் சுரண்டினேன். வால்வுக்கு நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கை மட்டும் தொடவில்லை. அந்த இதய வடிவ அறையை வடித்தவர் ஹாரி வெஸ்லேக். அந்த மூக்குதான் உள்ளே வரும் கலவையைச் சுழற்றிவிடுகிறது. அதை வழித்து எடுத்துவிட்டு "பாலிஷ் பண்ணியிருக்கேன்" என்று பெருமை பேசுகிறவர்களை எனக்குத் தெரியும்.

பிறகு குழிவு குறைந்த பிஸ்டன், ஹெட்டின் அடிப்பரப்பில் ஒரு மி.மீ. வழித்தெடுக்கும் ஃபேசிங். மிச்ச இடம் 52 சிசி சொச்சத்துக்கு இறங்கியது. புது போருக்கு விகிதம் சரியாக 8.3. இன்றைய பெட்ரோலுக்கு ஒன்பது வரை போகலாம் என்று நண்பர்கள் தூண்டினார்கள். நான் போகவில்லை. காரணம் பெட்ரோல் அல்ல, சித்தப்பா. அவரும் முப்பதில் டாப் போடுகிறவர்தான். சித்திரை வெயிலில், ஐந்து பேரோடு, ஏற்றத்தில் டாப் கியரில் எஞ்சின் முனகிக்கொண்டிருக்க, அவர் தோப்பு விலை பேசிக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் தட்டாமல் இருக்கவேண்டும்.

ஹெட்டில் இன்னொரு வேலையும் கட்டாயம். 2000-ல் நாடு முழுக்க ஈயம் கலந்த பெட்ரோல் நின்றுபோயிற்று. ஈயம் இருந்தவரை வெறும் வார்ப்பிரும்பு சீட்டில் வால்வு உட்கார்ந்து எழுந்தாலும் தேய்மானம் குறைவாக இருந்தது. இப்போது எக்ஸாஸ்ட் பக்கம் கடின சீட் வளையம் அடிக்காமல் கம்ப்ரஷனை ஏற்றுவது வீண். அடித்தபிறகு மூன்று கோணத்தில் சீட் வெட்டினோம்: வால்வு உட்காரும் இடம் 45 டிகிரி, அதற்கு மேலே 30, கீழே 60.

போர்ட் வேலையில்தான் நான் அதிக நாள் உட்கார்ந்தேன், சந்தோஷமாக. இந்த ஹெட்டில் நாலு சிலிண்டருக்கு மொத்தமே ஐந்து போர்ட்டுகள் (கலவை உள்ளே வரும், புகை வெளியே போகும் வழிகள்), எல்லாம் ஒரே பக்கம். இன்லெட் இரண்டு, எக்ஸாஸ்ட் மூன்று. ஒன்றும் இரண்டும் ஒரே வாசல் வழியாகக் குடிக்கின்றன. மூன்றும் நாலும் இன்னொரு வாசல். ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2 என்பதால் இரண்டு குடித்து முடிப்பதற்குள் ஒன்று வாயை வைக்கிறது. மூன்றுக்கும் நாலுக்கும் அதே தகராறு. இதை எந்த அரமும் தீர்க்காது. வாசலைப் பெரிதாக்கினால் காற்றின் வேகம் குறைந்து இன்னும் கெட்டுப்போகும். வால்வு சீட்டுக்கு நேர் கீழே, வார்ப்பும் கடைசலும் சந்திக்கும் இடத்தில் ஒரு படி நிற்கும். விரலை விட்டால் நெருடும். லாபம் இருப்பது அங்கேதான். அந்தப் படியை மட்டும் கரைத்து, வால்வு கைடைச் சுற்றியிருந்த தடிப்பை மெலிதாக்கி, கார்புரேட்டரை ஹெட்டோடு இணைக்கும் மேனிஃபோல்டின் வாயையும் ஹெட்டின் வாயையும் கேஸ்கட்டை வைத்துக் கோடு போட்டு நேர் செய்தேன். இன்லெட்டைக் கண்ணாடி மாதிரி பளபளப்பாக்கவில்லை. கொஞ்சம் சொரசொரப்பு இருந்தால் சுவரில் படியும் பெட்ரோல் மறுபடியும் காற்றில் ஏறும். பம்பிலும் இதே கதைதான்: இம்பெல்லரின் நுழைவு ஓரத்தில் பத்து நிமிடம் அரம் போட்டால் கிடைப்பது, உடம்பு முழுக்கத் தேய்த்தாலும் கிடைக்காது.

கேமுக்கு வருவோம். கேம் டேப்பெட்டைத் தள்ள, அது புஷ் ராடு வழியாக ராக்கரைத் தள்ளி வால்வைத் திறக்கும்; எப்போது என்பதைக் கிராங்க் சுழலும் டிகிரியில் சொல்வார்கள். பி-சீரிஸ் சலூன்களில் இன்லெட் வால்வு, பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 5 டிகிரி முன்னால் திறந்து, அடிமட்டத்தைத் தாண்டி 45-ல் மூடும். மொத்தம் 230 டிகிரி. எம்.ஜி.ஏ.வில் அது 16-ல் திறந்து 56-ல் மூடும்; 252. டிகிரி தட்டு மாட்டி அளந்தபோது எங்கள் கேம் முதல் கணக்கை ஒட்டியே வந்தது, தேய்மானம் போக. புதுக் கேம் வரவழைக்காமல், இருந்ததையே எம்.ஜி.ஏ. கணக்குக்குக் கடைந்தோம். இதில் அழகான ஒரு பொருத்தம் உண்டு. கேமை மறுபடி கடைந்தால் அதன் அடிவட்டம் சின்னதாகும். டேப்பெட் கீழே இறங்கும். ஹெட்டை ஃபேசிங் செய்தால் ராக்கரும் கீழே இறங்கும். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு இறங்கிவிட்டதால் பழைய புஷ் ராடே அளவாகப் பொருந்தியது. ராக்கரின் கோணம் கெடவில்லை. பாய் ஃபீலர் கேஜைச் செருகிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் டீ சொன்னார். அவரிடம் அதுதான் பாராட்டு.

252 டிகிரி இன்றைய கணக்கில் ரொம்பச் சாது. இதைவிடச் சூடான கேம்கள் கிடைக்கும். ஆனால் ஐடிலிங் குதிக்கும். சிக்னலில் நிற்கும்போது வண்டி உடம்பை உதறினால் ரகசியம் அங்கேயே அம்பலம்.

எடை சமன் செய்வதற்கு நகைக்கடைத் தராசு ஒன்று வாங்கினேன். பிஸ்டன், பின், கனெக்டிங் ராடு எல்லாவற்றையும் நிறுத்து, கனமானதைக் குறைத்து, நாலும் ஒரு கிராமுக்குள் வரும்படி செய்தேன். ராடின் இரண்டு முனைகளையும் தனித்தனியாக நிறுக்கவேண்டும்; மொத்த எடை மட்டும் சமமாக இருந்து பிரயோஜனம் இல்லை. கிராங்க், ஃபிளைவீல், கிளட்ச் கவர் மூன்றையும் சேர்த்து மாட்டி டைனமிக் பேலன்ஸ் செய்துகொண்டு வந்தோம். ஃபிளைவீலைக் கடைந்து எடை குறைக்கச் சொல்லி இரண்டு பேர் யோசனை சொன்னார்கள். பழைய வார்ப்பிரும்பு ஃபிளைவீலை இஷ்டத்துக்குக் கடைந்தால் ஓடும்போது பிளக்கும். காலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது அது. தவிர, சித்தப்பாவின் முப்பது கிலோமீட்டர் டாப் கியருக்கு அந்தக் கனம் வேண்டும்.

கார்புரேட்டர்தான் ஒளித்து வைக்கக் கஷ்டமான சமாச்சாரம். எம்.ஜி.ஏ.வில் எஸ்.யூ. என்ற கம்பெனியின் கார்புரேட்டர் இரண்டு. எங்களுக்கு ஒன்றுதான் அனுமதி. ஆனால் எஸ்.யூ.வில் ஒரு வசதி: சைஸ் மாறினாலும் முகம் மாறாது. எங்கள் வண்டியில் இருந்தது ஒன்றேகால் இன்ச். இங்கிலாந்திலிருந்து விடுமுறைக்கு வந்த நண்பர் துணிப்பெட்டியில் ஒன்றரை இன்ச் ஒன்றைக் கொண்டுவந்தார். மேனிஃபோல்டின் வாயை அதற்கேற்ப விரித்து மாட்டி, பழைய ஏர் கிளீனர் டப்பாவையே மேலே கவிழ்த்தோம். பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். ராக்கர் கவரில் இருந்த பழைய நசுங்கலைக்கூட நிமிர்த்தவில்லை. சைலென்சரும் பழைய சத்தமே போடவேண்டும் என்பதால் குழாயின் உள்விட்டத்தை மட்டும் கொஞ்சம் கூட்டினோம்.

முதல் ஸ்டார்ட்டில் ஐடிலிங்கில் விடக்கூடாது. புதிதாகக் கடைந்த கேமும் டேப்பெட்டும் ஒன்றுக்கொன்று பழகும்வரை, இருபது நிமிடம் 2000 ஆர்.பி.எம்.மில் பிடித்து வைக்கவேண்டும். குறைந்த சுற்றில் கேமின் மூக்குக்கு எண்ணெய் சரியாகத் தெறிக்காது. துத்தநாகம் கூடுதலாக உள்ள எண்ணெய் ஊற்றியிருந்தோம். பாய் கையை ரேடியேட்டர் மேல் வைத்துக்கொண்டு நின்றார். ஆயில் பிரஷர் சூட்டிலும் 50-க்குக் கீழே இறங்கவில்லை.

சரி, என்ன கிடைத்தது? குதிரைசக்தி அளக்கும் டைனோவில் ஏற்றவில்லை, அதனால் குதிரைக் கணக்கு சொல்லமாட்டேன். டாப் கியரில் 50-லிருந்து 80 தொட முன்பு பதினேழு நொடி எடுத்தது, இப்போது பதினொன்று. ஆனால் இதில் ஒரு பகுதி, தேய்ந்த எஞ்சின் புதிதானதால் மட்டுமே வந்தது. எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. கேம், கார்புரேட்டர் எதுவும் மாற்றாமல், அறைகளைச் சமன் செய்து, எடை பார்த்து, சீட்டை ஒழுங்காக வெட்டியிருந்தாலே பாதி வந்திருக்கும் என்பது என் கணிப்பு. நெட்டில் பார்ட்ஸ் தேடுகிறவர்களுக்கு இது ருசிக்காது.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது ஊசி வளைவு. முன்பு ஆள் நிறைய ஏறினால் இரண்டாவது கியரிலேயே இருமிக்கொண்டு போகும். ரன்னிங்-இன் முடிந்ததும் சித்தப்பா, சித்தி, நான், இன்னும் இரண்டு பேர் என ஏறிப் பார்த்தோம். வளைவு முடிந்த இடங்களில் எல்லாம் மூன்றாவது போட்டார். முன்னால் போன ஒரு புது எஸ்.யூ.வி.யை, லோம்ஸ் வியூவுக்கு முந்தைய ஏற்றத்தில், ஹாரன் அடித்துத் தாண்டினார். அந்த டிரைவரின் முகத்தை நான் திரும்பிப் பார்த்தேன். பசுத்தோல் போர்த்திய புலியைப் பார்த்த முகம். சித்தப்பா மட்டும், "பாய் டியூனிங் நல்லாப் பண்ணியிருக்காரு" என்று சித்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒப்பந்தப்படி ஒன்றும் கேட்கவில்லை.

நிமிடத்துக்கு 5500 சுற்று என்று நானே ஒரு எல்லை வைத்திருக்கிறேன். மூன்று பேரிங் கிராங்க் அதற்கு மேல் எனக்குத் தூக்கம் தராது. எம்.ஜி.ஏ.வுக்கு அடுத்து வந்த எம்.ஜி.பி.யில்கூட 1964-ல்தான் ஐந்து பேரிங்குக்குப் போனார்கள். பின் மெயின் பேரிங் பக்கம் எண்ணெய் ஒழுகல் அப்படியே இருக்கிறது. அங்கே ரப்பர் சீல் கிடையாது, கிராங்கில் வெட்டிய திருகுப் பள்ளம்தான் எண்ணெயைத் திரும்ப உள்ளே தள்ளவேண்டும்; ஓடும்போது தள்ளும், நின்றால் சொட்டும். ஷெட்டில் தகரத் தட்டு பழைய இடத்திலேயே இருக்கிறது.

முடியாமல் நிற்பது கார்புரேட்டர் ஊசி; ஜெட்டுக்குள் ஏறி இறங்கி பெட்ரோல் அளவைத் தீர்மானிப்பது அதுதான். இப்போது பங்கில் வருவது இருபது சதவீத எத்தனால். எத்தனாலில் ஆக்சிஜன் கலந்தே இருப்பதால் அதே ஊசிக்குக் கலவை மெலிந்துவிடுகிறது. தட்டுவது குறைகிறது, அது நல்லது. ஆனால் பாதி ஆக்சிலேட்டரில் மெலிந்து ஒரு தயக்கம் வருகிறது. பெட்ரோலைக் கூட்ட ஜெட்டை இறக்கினால் ஐடிலிங்கில் கறுப்புப் புகை. நடுப்பகுதியில் மட்டும் பெட்ரோல் கூடுதலாக விடும்படி, அங்கே ஒல்லியான ஊசி வேண்டும். எமரி தாளில் தேய்த்து ஒன்றைத் தயார் செய்திருக்கிறேன், எக்ஸாஸ்டில் கலவையின் அளவு காட்டும் லாம்டா சென்சார் மாட்டிப் பார்க்கவேண்டும். ஒன்றரை இன்ச் எஸ்.யூ.வோடு இந்தப் பெட்ரோலில் அம்பாசிடர் ஓட்டுகிறவர்கள் யாராவது இருந்தால், என்ன ஊசி போட்டிருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். பெட்ரோல் ஹோஸ், பம்ப் டயாஃப்ரம் இரண்டையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றியாயிற்று, அதைப் பற்றி எழுதவேண்டாம்.